ஆமை ஊமையல்ல



ஆமைக்கு இரண்டு அவப்பெயர்கள் நெடுங்காலமாய் இருந்து வந்தன. ஒன்று, அது ஊமை. அதற்குச் செவியும் கேளாது. மற்றொன்று, அது பிள்ளைப் பாசம் அறியாத தாய். மணலைத் தோண்டி முட்டையிடும், குழியை மூடும், திரும்பியும் பாராமல் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விடும். முட்டை பொரிந்ததா, குஞ்சு பிழைத்ததா என்று விசாரிக்க வருவதில்லை. பள்ளிப் பாடத்தில் நாம் இப்படித்தான் படித்தோம். விலங்கியல் அறிஞர்களும் இப்படியே எழுதி வைத்தார்கள்.

இவ்விரண்டு அவப்பெயர்களும் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையில் வாழும் ஒரு பெரிய நன்னீர் ஆமைக்குப் பொருந்தவில்லை என்பது சமீப ஆண்டுகளில் தெரியவந்திருக்கிறது. அதன் குஞ்சுகள் முட்டைக்குள் இருக்கும்போதே சத்தமிடத் தொடங்குகின்றன. ஆற்றுக்குள்ளிருந்து பெண் ஆமைகள் மறுசத்தம் கொடுக்கின்றன. இது எவ்வாறு கண்டறியப்பட்டது, ஆமைகளைக் காப்பாற்ற விரும்பும் மனிதருக்கு இதனால் உண்டான பொறுப்பு என்ன என்பதை இம்மாதம் பார்ப்போம்.

மணலுக்குள் நூறு முட்டைகள்

இந்த ஆமைக்கு ஸ்பானிய மொழியில் அர்ராவு என்று பெயர். பிரேசில் நாட்டார் அமேசான் ஆமை என்றே அழைக்கிறார்கள். நம் நாட்டு ஆமைகளைப்போல் இது தலையை நேராக ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வதில்லை. கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, ஓட்டின் விளிம்புக்கு அடியில் ஒதுக்கிக்கொள்ளும். இப்படிக் கழுத்தை மடிக்கும் ஆற்றாமைகளில் இதுவே மிகப் பெரியது. பெண் ஆமையின் ஓடு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளம் வரை வளரும். ஆண் அதைவிட மிகச் சிறியது.

ஆற்றில் வெள்ளம் வடியும் காலத்தில் மணல் திட்டுகள் வெளியே தெரியத் தொடங்கும். பெண் ஆமைகள் தொலைவிலிருந்து கூட்டங்கூட்டமாய் வந்து அந்தத் திட்டுகளுக்கு எதிரே நீரில் சேரும். இரவில் கரையேறிக் குழி தோண்டி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு மூடும். மணலின் சூட்டிலேயே முட்டைகள் அடைபட்டு, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சுகள் பொரியும். மீண்டும் ஆறு பெருகுமுன் அவை வெளியேறியாக வேண்டும். தாமதித்தால் மணலோடு அவையும் வெள்ளத்தில் மூழ்கிப்போகும்.

வெளியே வந்தாலும் ஆபத்து தீர்ந்தபாடில்லை. கரையில் பிணந்தின்னிக் கழுகுகள். நீரில் முதலைகள், பிரானா மீன்கள், பெரிய கெளுத்திகள். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு ஓடும் இன்னும் கெட்டிப்படவில்லை. அது போய்ச் சேரவேண்டிய இடமோ, வெள்ளம் புகுந்து நிற்கும் காடு. அங்கேதான் கனிகளும் விதைகளும் இலைகளும் இரையாகக் கிடைக்கும். ஒருபோதும் பார்த்திராத அந்த இடத்துக்கு இந்தச் சிறு ஜீவன் எப்படி வழி கண்டுபிடிக்கிறது?

நீருக்குள் வைத்த செவி

பிரேசிலின் பாரா மாநிலத்தில் ட்ரோம்பேட்டஸ் என்னும் ஆறு ஓடுகிறது. கமிலா ஃபெராரா, ரிச்சர்ட் வோக்ட், ரெனாட்டா சூசா-லீமா ஆகிய ஆய்வாளர்கள் அங்கே சென்று, ஹைட்ரோஃபோன் எனப்படும் ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கினார்கள். முட்டைக் குழிகளிலும் ஒலிவாங்கிகளை வைத்தார்கள். 2009 முதல் 2011 வரை இந்தப் பணி நடைபெற்றது.

2014-ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய கட்டுரை ஒன்றில் ஒரு கணக்கு வருகிறது. 220 மணி நேரப் பதிவில் கிடைத்த ஆமைச் சத்தங்கள் 270. அதாவது, சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்பதைவிடச் சற்றே அதிகம். ஒரு சத்தத்துக்காக ஏறக்குறைய ஒரு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அச்சத்தமும் உரத்ததல்ல, தாழ்ந்த, குறுகிய ஒலி. இத்தனை காலமும் ஆமை ஊமையென்று பெயர் வாங்கியதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அது பேசாமல் இருக்கவில்லை. அது பேசும் இடத்தில், அது பேசும் அளவில், அத்தனை நேரம் காத்திருந்து கேட்பார் இல்லை.

அந்தச் சத்தங்களை ஆய்வாளர்கள் ஆறு வகையாகப் பிரித்தார்கள். ஆற்றில் இடம்பெயர்ந்து செல்லும்போதும், முட்டையிடுமுன் மணல் திட்டுக்கு எதிரே கூடும்போதும், இரவில் கரையேறி முட்டையிடும்போதும், முட்டையிட்டபின் நீரில் தங்கியிருக்கும்போதும், குஞ்சுகளின் வரவுக்காகக் காத்திருக்கும்போதும் அவை சத்தமிட்டன.

கடைசியாகச் சொன்ன இரண்டையும் மறுபடியும் கவனியுங்கள். முட்டையிட்டபின் தங்கியிருத்தல், குஞ்சுகளுக்காகக் காத்திருத்தல்! திரும்பியும் பாராமல் போய்விடுகிறது என்று நாம் படித்த அந்தத் தாய், போகவில்லை. கரைக்கு எதிரே, நீருக்குள் இருந்தது.

குழியிலிருந்து ஒரு சத்தம், ஆற்றிலிருந்து ஒரு பதில்

இதற்கு முந்தைய ஆண்டாகிய 2013-இல், ஒப்பீட்டு உளவியல் சார்ந்த ஓர் ஆய்விதழில் இதே குழுவினரின் மற்றொரு கட்டுரை வெளியாயிற்று. அது குஞ்சுகளைப் பற்றியது.

குஞ்சுகள் முட்டை ஓட்டை உடைப்பதற்கு முன்பே சத்தமிடுகின்றன. பொரிந்தபின் மணலுக்குள் இருக்கும்போதும், ஆற்றில் இறங்கியபின்னும் அவை சத்தமிட்டுக்கொண்டே இருக்கின்றன. நீரில் காத்திருக்கும் பெண் ஆமைகள் அதற்கு மறுசத்தம் கொடுக்கின்றன, தாங்களாகவும் அழைக்கின்றன. பின்பு குஞ்சுகளும் பெண் ஆமைகளும் ஒன்றாகவே இடம்பெயர்ந்து செல்கின்றன. முட்டை பொரிந்தபின்னும் பிள்ளையைப் பராமரிக்கும் ஆமைக்கு இதுவே முதல் சான்று என்று அக்கட்டுரை அறிவித்தது.

இங்கே ஒரு தாய் ஒரு பிள்ளையைத் தேடி எடுத்துக்கொண்டு போவதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். கூட்டமாய்த் தாய்கள் காத்திருக்கின்றன. கூட்டமாய்க் குஞ்சுகள் வந்து சேருகின்றன. பாலூட்டுவதோ, வாயில் இரை கொடுப்பதோ இல்லை. மூத்தவை முன்னே போக, இளையவை உடன் செல்கின்றன. அவ்வளவுதான் அங்கே நடக்கிற பராமரிப்பு. ஆனால் அந்த அவ்வளவே ஒரு குஞ்சுக்கு உயிராய் இருக்கக்கூடும்.

பிழைப்புக்காக மும்பைக்கோ பெங்களூருக்கோ டெல்லிக்கோ வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நம்மில் பலரை முதன்முதலாக அழைத்து வந்தவர் முன்னமே வந்திருந்த ஒரு சித்தப்பாவோ, ஒரு மாமாவோ, பக்கத்துத் தெருக்காரரோ அல்லவா? எந்த நிலையத்தில் இறங்குவது, எந்த வண்டியில் ஏறுவது, எங்கே வாடகைக்கு அறை கிடைக்கும் என்பதை அவர் ஒரு வாரம் கூடவே இருந்து காட்டிக்கொடுத்தார். அதன்பின் நாமே நடந்தோம். அந்த ஒரு வாரம் இல்லாதிருந்தால் நம் கதை வேறு விதமாய்ப் போயிருக்கும்.

ஒன்றாய்ப் பொரிவதன் இரகசியம்

முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குச் சத்தம் எதற்கு என்று கேட்கலாம். குழியின் மேற்பகுதி மணல் வெயிலில் சூடாயிருக்கும், அடிப்பகுதி குளிர்ந்திருக்கும். சூடான முட்டை விரைவாக வளரும். குளிர்ந்த முட்டை பின்தங்கும். அப்படியானால் மேலேயுள்ள குஞ்சுகள் முதலிலும், கீழேயுள்ளவை பல நாள் கழித்தும் பொரிய வேண்டும். ஆனால் பல ஆமையினங்களில் ஒரு குழியின் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரிந்துவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்று ஆமைகளை வைத்து இது சோதிக்கப்பட்டது. ஒரே தாயின் முட்டைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சூடாகவும் மறு பாதியைக் குளிர்ச்சியாகவும் சில காலம் வைத்து, பிறகு ஒன்றாய்ச் சேர்த்தார்கள். பின்தங்கியிருந்த முட்டைகளும் முந்தினவற்றோடு சேர்ந்தே பொரிந்தன. இந்த ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. வளர்ச்சியில் முந்தின முட்டைகள் பக்கத்தில் இருந்தால், பிந்தினவை தங்கள் உடலின் இயக்கத்தையே விரைவுபடுத்திக்கொள்கின்றன என்று 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. அங்கே முட்டைக்கு முட்டை செய்தி சொல்வது சத்தந்தான் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் ஏதோ ஒரு வழியில் செய்தி போகிறது என்பது தெளிவு. அமேசான் ஆமையில், குஞ்சுகள் ஒன்றாய்ப் பொரிவதற்கும் ஒன்றாய் மணலைத் தள்ளி மேலே ஏறுவதற்கும் முட்டைக்குள் எழும் சத்தம் உதவலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஒன்றாய் வெளியேறுவதில் பெரும் நன்மை உண்டு. நூறு குஞ்சுகள் நூறு வேளையில் வந்தால், கரையில் காத்திருக்கும் கழுகுக்கு நூறு வேளை உணவு. நூறும் ஒரே வேளையில் வந்தால், கழுகு சிலவற்றைத் தின்பதற்குள் மற்றவை நீரை அடைந்துவிடும்.

செவிடும் அல்ல

ஆமைக்கு வெளியே தெரியும் காது மடல் கிடையாது. ஆகவே அதற்குச் செவி இல்லையென்று எண்ணினார்கள். கண்ணுக்குப் பின்னே, தோலோடு தோலாக ஒரு வட்டமான தகடு உண்டு. அதுவே அதன் செவிப்பறை. அதற்கு உட்புறம் காற்று நிரம்பிய ஓர் அறை இருக்கிறது. நீரில் சத்தம் பரவும்போது அந்தக் காற்றறை அதிர்ந்து, செவிப்பறையையும் அதிரச் செய்கிறது. செங்காது ஆமையில் இதைச் சோதித்து, அதன் செவி காற்றைக் காட்டிலும் நீருக்கடியில் கேட்பதற்கே நன்கு அமைந்திருக்கிறது என்று 2012-இல் நிறுவினார்கள். மனிதரின் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள சத்தத்தைக் கேட்கும். ஆமையின் செவியோ பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த தாழ்ந்த சத்தங்களுக்கே கூர்மையாயிருக்கும்.

அமேசான் ஆமை மட்டுந்தான் பேசுகிறது என்றும் சொல்ல முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் நீண்ட கழுத்துடைய ஒரு நன்னீர் ஆமை நீருக்கடியில் 17 வகையான சத்தங்களை எழுப்புகிறதென்று ஜாக்குலின் கைல்ஸ் என்னும் ஆய்வாளரின் குழு 2009-இல் எழுதியது. 2022-இல் கேப்ரியல் ஜார்ஜெவிச்-கோஹன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும், ஊமையென்று கருதப்பட்ட 53 வகை உயிரினங்களின் சத்தங்களைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். அவற்றில் 50 வகை ஆமைகள்!

சத்தம் எழுப்புவது ஒன்று. அந்தச் சத்தத்தின் பொருள் இன்னதென்று நிரூபிப்பது மற்றொன்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் அகராதி எழுதும் நாள் இன்னும் வரவில்லை. ஆனால் ஊமை என்னும் பெயரை அழித்துவிடும் நாள் வந்துவிட்டது.

நம் சங்கப் புலவர் ஒருவர் இந்தத் தாயையும் பிள்ளையையும் வேறு விதமாய்ப் பார்த்திருக்கிறார். ஐங்குறுநூற்றின் 44-ஆம் பாடலில் ஓரம்போகியார், பொய்கையில் வாழும் ஆமைக் குஞ்சுகள் தாயின் முகத்தைப் பார்த்தே வளர்வதை, தலைவன் முகம் பார்த்து வாழும் தலைவிக்கு உவமையாக்கினார். அது கவிஞரின் உவமை, ஆய்வாளரின் சான்றன்று. ஆனாலும் ஆமையைப் பாசமில்லாத தாயாக அவர் எண்ணவில்லை என்பது நினைவில் வைக்கத் தக்கது.

காப்பாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது

இனி, இந்தச் செய்தியின் முக்கியமான பகுதிக்கு வருவோம்.

அமேசான் ஆமை ஒரு காலத்தில் எண்ணற்றதாய் இருந்தது. ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்னும் ஆங்கில இயற்கை ஆய்வாளர் 1863-இல் வெளியிட்ட நூலில், மேல் அமேசானிலும் மடீரா ஆற்றிலும் எண்ணெய்க்காகவும் உணவுக்காகவும் ஆண்டுதோறும் அழிக்கப்பட்ட முட்டைகள் 4 கோடியே 80 இலட்சம் இருக்கும் என்று கணக்கிட்டார். முட்டைகளை மிதித்து நசுக்கி எடுத்த எண்ணெய் விளக்கெரிக்கவும் சமைக்கவும் பயன்பட்டது. பெரிய ஆமைகளை இறைச்சிக்காகவும் பிடித்தார்கள். ஆற்றுக்கு ஆறு ஆமைகள் குறைந்துபோயின.

பிரேசில் அரசு 1979-இல் ஆற்றாமைகளைக் காக்க ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முட்டையிடும் திட்டுகளுக்குக் காவல் போட்டார்கள். கோடிக்கணக்கான குஞ்சுகள் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தன. இதன் பலன் கண்கூடானது. பிரேசிலுக்கும் பொலிவியாவுக்கும் இடையே ஓடும் குவாப்பொரே ஆற்றில், ஆளில்லா விமானம் எடுத்த படங்களைக் கொண்டு எண்ணியபோது, ஒரே இடத்தில் ஏறத்தாழ 41,000 ஆமைகள் கூடியிருந்ததாக 2025-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

ஆனால் காப்பாற்றும் முறைகளில் ஒன்று யோசிக்க வைக்கிறது. பல நாடுகளில், ஆமைக் குஞ்சுகளைக் குழியிலிருந்து எடுத்து, தொட்டிகளில் சில வாரமோ சில மாதமோ வளர்த்து, ஓடு கெட்டிப்பட்டபின் ஆற்றில் விடும் வழக்கம் உண்டு. கழுகும் மீனும் தின்னாமல் பாதுகாக்கவே இப்படிச் செய்கிறார்கள். அந்த எண்ணத்தில் குறையில்லை. ஆனால் குஞ்சுகள் தொட்டியில் இருக்கும்போது, ஆற்றில் காத்திருந்த தாய்கள் என்ன செய்யும்? காத்திருந்த கூட்டம் கலைந்து, காடுகளை நோக்கிப் புறப்பட்டுவிடும். பின்பு ஆற்றில் விடப்படும் குஞ்சு சத்தமிட்டால் பதில் கொடுக்க அங்கே யாரும் இல்லை. வழிகாட்டும் மூத்தவை இல்லாத குஞ்சுகள் எங்கே போவதென்று அறியாமல் திகைக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் கவலை.

ஆகவே, முட்டைகளைக் காத்தால் மட்டும் போதாது. முட்டையிட்டு முடித்தபின் நீரில் தங்கியிருக்கும் பெண் ஆமைகளையும் காக்க வேண்டும். முட்டையிட்டாயிற்று, இனி இதனால் பயனில்லை என்று எண்ணி வேடர் பிடிக்கும் ஒவ்வொரு பெண் ஆமையும், அந்த ஆண்டுக் குஞ்சுகளுக்கு வழிகாட்டியாய் இருந்திருக்கும். படகுகளும் கப்பல்களும் எழுப்பும் இரைச்சலையும் இனிமேல் கணக்கில் எடுக்க வேண்டும். ட்ரோம்பேட்டஸ் ஆற்றிலேயே பாக்சைட் தாது ஏற்றிய பெருங்கப்பல்கள் சென்று வருகின்றன. மின்சார ரயில் நுழையும்போது நடைமேடையில் பக்கத்தில் நிற்பவர் சொல்வது நம் காதில் விழுகிறதா? தாழ்ந்த குரலில் பேசும் ஒரு ஜீவனுக்கு இரைச்சல் எவ்வளவு இடையூறாகும் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

நம்முடைய வீடுகளில்

நம் நாட்டிலும் சம்பல் ஆற்றங்கரையில், அழிவின் விளிம்பில் நிற்கும் செந்தலை ஆற்றாமையின் முட்டைகளைக் காத்து, குஞ்சுகளை ஆற்றில் விடும் பணி நடைபெறுகிறது. அந்த ஆமைக்கு முட்டையிட மணல் கரை வேண்டும். சட்டத்துக்கு மாறாக அள்ளப்படும் மணல் அந்தக் கரைகளையே கொண்டுபோய்விடுகிறது. நகரத்தில் எழும் கட்டடங்களுக்கு மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் வழக்கம் நமக்கு இருந்தால் நல்லது.

நகரத்து வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் ஆமை வளர்ப்பதைப் பார்க்கிறோம். நாணயம்போன்ற சிறு குஞ்சைப் பார்த்தவுடன் பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோரும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். இப்படி விற்கப்படுவது பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த செங்காது ஆமை. அது நாணயம்போலவே இருந்துவிடாது. சாப்பாட்டுத் தட்டளவுக்கு வளரும். பல ஆண்டுகள் வாழும். இடம் போதவில்லையென்று ஏரியிலோ குளத்திலோ விட்டுவிட்டால், அங்கேயுள்ள நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். நம் நாட்டு நன்னீர் ஆமைகளில் பெரும்பாலானவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

ஆகவே, பிள்ளைகள் ஆமைக் குஞ்சு வேண்டுமென்று கேட்டால், இல்லையென்று சொல்வதோடு நிறுத்திவிடாதேயுங்கள். அமேசான் ஆற்றங்கரையில் மணலுக்குள் இருந்து குஞ்சு சத்தமிடுவதையும், ஆற்றில் தாய் காத்திருப்பதையும் உட்கார்ந்து சொல்லுங்கள். தொட்டியில் தனியாய்க் கிடக்கும் குஞ்சைப் பார்க்கும்போது, "இதற்கு யார் பதில் கொடுப்பார்கள்?" என்று அவர்களே உங்களைக் கேட்பார்கள்.